விளக்கெண்ணெயில் மிதந்த ஜீப்

ஏலப்பாறையில் அந்தக் காலத்தில் டீ குடிக்காதவன் கிடையாது. ஆனால் டீயை வைத்து வண்டியை அளந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். எஸ்டேட் மேனேஜரின் காராக இருந்தாலும் சரி, உரமூட்டை ஏற்றுகிற டிராக்டராக இருந்தாலும் சரி, அவர் பட்டறை வாசலில் வந்து நின்றால் டிரைவருக்கு முன்னால் ஒரு கம்பி வளையத்தை மாட்டி, அதற்குள் கண்ணாடி டம்ளரை இறக்கி, விளிம்புவரை டீ ஊற்றச் சொல்வார். சாயாக்கடை முக்குவரை ஓட்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். வந்ததும் டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். மிச்சம் இருப்பதை ஒரே மடக்கில் குடிப்பார். பிறகு, "கால் டம்ளர் வண்டி" என்றோ "அரை டம்ளர் வண்டி" என்றோ தீர்ப்பு வரும். அப்பீல் கிடையாது.

புதுசாக ஒரு டீ போட்டுத் தருகிறோம் என்றால் வாங்க மாட்டார். ரோடு எவ்வளவு விட்டுவைத்ததோ அவ்வளவுதான் தனக்கு என்பது அவர் கொள்கை. ஏலப்பாறை ரோடு அப்போது இருந்த லட்சணத்தில் அந்த மனுஷர் முழு டம்ளர் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். பிரேக் ஆயில் தீர்ந்துபோனால் விளக்கெண்ணெய் ஊற்றுவார். கீல் கிறீச்சிட்டால் விளக்கெண்ணெய். பட்டறையில் யாருக்காவது வயிற்றுவலி என்றாலும் அதே டின்னிலிருந்துதான். முகத்துக்கு நேரே அண்ணாச்சி என்போம். முதுகுக்குப் பின்னால் விளக்கெண்ணெய் அண்ணாச்சி. அவருக்கும் அது தெரியும். "எண்ணெய் இல்லாம எந்தப் பயலுக்குலே ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன். மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு வயதில் மலைக்கு வந்து, லாரிக்குக் கிளீனராகத் தொத்தி, இருபத்தாறு வயதில் சொந்தமாக ஜீப் வாங்கினவன். ஐந்து சன்னல் வைத்த ஓட்டு வீடும் அதே வருஷம் கட்டினேன். இன்றைக்கு எத்தனை வண்டி என் பெயரில் ஓடுகிறது என்று நானே சொன்னால் பெருமையடிக்கிறான் என்பீர்கள். ஏலப்பாறையில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்த முதல் ஜீப்பை அண்ணாச்சியிடம் கொண்டுபோனபோது டம்ளரில் மிஞ்சியது ஒரே ஒரு சொட்டு. அதையும் விடாமல் நாக்கில் விட்டுக்கொண்டு, "எலே, இது வண்டி இல்ல. உரலு" என்றார்.

அண்ணாச்சிக்கு இரும்பு ஆகாது. வண்டிக் கூட்டை இரும்பால் கட்டுவது மனுஷ சாதி செய்த முதல் தப்பு என்பார். கொக்குக்கு எலும்புக்குள்ளே காற்றுத்தான் இருக்கிறது, அதனால்தான் அது பறக்கிறது, நம் ஆட்கள் மட்டும் ஏன் கனத்தைக் கட்டிக்கொண்டு குலுங்குகிறார்கள் என்று கேட்பார். ஒருமுறை பால் வண்டி ஒன்றுக்குக் கோரையும் வாழைநாரும் பின்னிக் கஞ்சிப்பசை பூசிக் கூண்டு கட்டிக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சந்தையில் டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு மாடு வந்து கூண்டின் இடது பக்கத்தைத் தின்றுவிட்டது. டிரைவர் அழாத குறையாகப் பட்டறைக்கு வந்தான். அண்ணாச்சி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கனம் இன்னும் கொறஞ்சிருக்கு பாத்தியா" என்றார்.

பட்டறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். மலையை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குப்பையிலிருந்து பொறுக்கிய பழைய பத்திரிகைத் தாள். ஏதோ ஐரோப்பாக்காரன் செய்த கார். அதன் வயிற்றைப் பிளந்து உள்ளே குழாய் குழாயாக வரைந்திருந்தான். சக்கரத்துக்குச் சக்கரம் எண்ணெய் ஓடுகிறதாம், கார் அதன்மேல் மிதக்கிறதாம். கீழே இங்கிலீஷில் விவரம் எழுதியிருந்தது. அண்ணாச்சிக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டோம். நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

"மனுசன் பொறக்கதுக்கு முன்னால எதுலலே கெடந்தான்? தண்ணியில. மெதந்துக்கிட்டுக் கெடந்தான். வெளிய வந்ததும் ஏன் இரும்புப் பட்டைமேல உக்காருதான்?" என்பார் என்னிடம்.

எனக்கு அப்போது வேறு கவலை.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அங்கே ருக்குமணியைப் பார்த்துவிட்டேன். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் இலையில் ஊற்றியது என் சட்டையிலும் கொஞ்சம் பட்டது. "மலையில சட்டையோடத்தான் சாப்புடுவீங்களாக்கும்" என்றாள். அத்தோடு என் கதை முடிந்தது. சொந்தத்தில் விசாரித்தால் எல்லாம் பொருந்தியது. அவளுடைய அப்பா மட்டும் பொருந்தவில்லை. நெல் விவசாயி, ஐம்பத்தைந்து வயது, அறுவடைக் களத்தில் வண்டியிலிருந்து விழுந்து நடுமுதுகில் அடிபட்டவர். மாப்பிள்ளை வீட்டைத் தன் கண்ணால் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டேன் என்றார். அது நியாயம். மலைரோட்டில் வண்டி ஏறமாட்டேன் என்றும் சொன்னார். அது எப்படி நியாயம்? ஆவணிக்குள் முடியவில்லையென்றால் சித்தூர்ப் பக்கம் அரிசிமில்காரர் மகன் ஒருத்தன் தயாராக இருக்கிறான் என்று சேதி வந்தது. அவன் வீடு சமதளத்தில் இருந்தது.

அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கதையைக் கேட்டாரா, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. முடிந்ததும், "ஜீப்பை விட்டுட்டுப் போலே" என்றார்.

மூன்று வாரம். ஸ்பிரிங் பட்டையில் பாதியைக் கழற்றி வீசினார். பழைய லாரி ஜாக்கி நான்கைப் பிடித்து அறுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாகப் பூட்டினார். ஏலக்காய்ச் செடிக்கு மருந்தடிக்கிற பம்புகளிலிருந்து செப்புக்குழாய் வந்தது. எருமைத்தோலில் வாஷர் வெட்டி ஏழு நாள் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டார். நான்கு குழாயும் வந்து சேருகிற இடம் விளக்கெண்ணெய் நிரப்பிய ஒரு பித்தளைப் பானை. அதை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியர் கம்பிகளை ஒட்டி, ஒரு பிள்ளையார் மாதிரி உட்கார்த்திவைத்தார். மேல்கூட்டு முழுக்கத் தேயிலைப் பெட்டிப் பலகை. ஏற்றுமதித் தேயிலை அடைக்கிற அந்த மெல்லிய ஒட்டுப்பலகைதான், உள்பக்கம் அலுமினியத்தாளோடு அப்படியே. எஸ்டேட் முத்திரை எழுத்துக்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் நின்றன. இடதுபக்கம் அழகாக ஒரு கதவு வைத்தார். டிரைவர் பக்கம் கதவு தேவையில்லை என்று ஒரு கயிறு கட்டினார்.

எஸ்டேட் லயத்து ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையைப் பெட்டியில் அடைத்து எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள், மூடிக்கு ஆணி அடிக்கவா என்று கேட்டார்கள்.

முன்பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் பின்பக்கம் இருப்பவர் மேலே எழும்புவார். வலது பக்கம் குண்டான ஆள் ஏறினால் இடது பக்கத்து ஆள் கூரையைத் தொடுவார். அண்ணாச்சிக்கு ஆனந்தம். "நாலு காலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுதுலே" என்றார். டம்ளரை வைத்துச் சாயாக்கடை முக்குவரை போய் வந்தோம். முக்கால் டம்ளர் மிச்சம். ஏலப்பாறை சரித்திரத்தில் இல்லாத அளவு. நான் நடுரோட்டில் அவரைத் தூக்கிச் சுற்றினேன். சாயாக்கடைவரைக்கும் ரோட்டில் ஒரு வளைவுகூடக் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

குலுங்காத வண்டி காத்திருக்கிறது என்று நான் சொல்லியனுப்பியதை நம்பி, குறித்த நாளில் ருக்குமணியின் அப்பா, அந்தப் பெரியவர், வாடகைக் காரில் தலைகாணிமேல் உட்கார்ந்து மலையடிவாரத்து முண்டக்கயம்வரை வந்து சேர்ந்தார். கூட வந்த உறவுக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். வெள்ளை வேட்டி, கிரீச் கிரீச்சென்று புதுத் தோல்செருப்பு, இடுப்பில் தலைகாணி. ஆள் நல்ல பாரி உடம்பு. ஜீப்பைப் பார்த்ததும், "இதென்னங்க தம்பி, டீத்தூள் வண்டியா?" என்றார். தம்பி என்று கூப்பிட்டதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் பெண் கொடுக்கத் தீர்மானித்தபிறகுதான் மாப்பிள்ளை என்ற வார்த்தை வாயில் வரும். அதுவரை எல்லாப் பையனும் தம்பிதான். மாப்பிள்ளை என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வண்டியைக் கிளப்பினேன்.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்ததும் பின்னால் இருந்த அண்ணாச்சியின் தலை கூரைப்பலகையில் முட்டியது. அண்ணாச்சி அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு மைலுக்குச் சொர்க்கம். குழி வந்தது தெரிந்தது, குலுக்கல் தெரியவில்லை. பெரியவர் தலைகாணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முதுவே தெரீலீங்க தம்பி. தொட்டில்ல போட்டாப்புடி இருக்குது" என்றார். பின்னாலிருந்து அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். எனக்குக் கண்முன்னால் பந்தல்கால் தெரிந்தது.

மழை பிடித்தது. வளைவுகளும் தொடங்கின. வலதுபக்கம் வளைத்தால் எண்ணெய் பூராவும் இந்தப் பக்கம் ஓடி வந்தது. இடதுபக்கம் ஒடித்தால் அந்தப் பக்கம் ஓடியது. ஒரு குழியில் ஆடத் தொடங்கினால் அடுத்த குழி வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. தொட்டில் தோணியாகிவிட்டது. பெரியவர் தலைகாணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு பச்சை நிறம் வந்தது. நாலாவது வளைவில் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். தலையை வெளியே நீட்டி, காலையில் சாப்பிட்டதை எல்லாம் மலைக்குத் தானம் பண்ணினார்.

"எறக்கி உடுங்க தம்பி. முதுவு கும்முனு இருக்குது, வவுறுதான் ஆவறதில்லீங்க. நான் இப்புடியே நடந்து கீழ போயிக்கறேன். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கறோம்."

நான் கயிற்றை அவிழ்த்துக் குதித்து மறுபக்கம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திறக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகை மழையில் ஊறி உப்பிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், பிடி கையோடு வந்துவிட்டது. என் பக்கமாக வரலாம் என்றால் நடுவில் பித்தளைப் பானை. அவர் உடம்புக்கு அதைத் தாண்டவும் முடியாது, சீட்டுமேல் ஏறிப் பின்பக்கம் போகவும் முடியாது, சன்னலில் நுழையவும் முடியாது. ஆக, வேண்டாம் என்று சொன்ன மாமனார் வண்டிக்குள்ளேயும், வேண்டும் என்ற மாப்பிள்ளை மழையிலும் நின்றோம்.

அண்ணாச்சி பின்பக்கமாக இறங்கி வந்து நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். வண்டியில் ஒரு குற்றமும் இல்லை என்றார். எண்ணெய் சரியாகத்தான் ஓடுகிறது, குற்றம் அந்த ஆள் வயிற்றில்தான் என்றார்.

"அண்ணாச்சி, என்ற கல்யாணமுங்க இது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேறு யாரையாவது திட்டுவதற்கு அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. இறங்க வழியில்லாத மனுஷர் என்ன செய்வார்? பானைமேல் ஒரு கையை வைத்து, உள்ளே எண்ணெய் களக் களக்கென்று ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏனுங்க அண்ணாச்சி, இந்தக் கொழாய் எத்தன பருமனுங்க?"

"கட்டவெரலு பருமன். எதுக்குவே?"

"அதானுங்க. மடையப் பூராத் தொறந்து உட்டுப்போட்டீங்க. மேட்டு வயல்ல இருந்து தண்ணி ஒரே மூச்சுல எறங்குனா வரப்ப ஒடைச்சுக்கிட்டுத்தான் போவும். மடைய நெருக்கி உடுங்க. போறதும் மெதுவாப் போவும், வாரதும் மெதுவா வரும். அலையடிக்காதுங்க."

நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரரோடு பதினைந்து வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். மடை விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஐரோப்பாக்காரன் படத்தில் குழாய் இருந்தது, குழாய்க்குள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியவில்லை. அதை எழுத்தில் எழுதியிருப்பான். எங்களுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்குத் தண்ணீர் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி குனிந்து முன்சக்கரத்துக் குழாயைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார். மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மாடு தின்ற கூண்டையே ஒப்புக்கொள்ளாதவர்.

"நல்லேப்பிள்ளிக்காரரே, நீரு சொல்லுதது சரிதாம்வே" என்றார்.

குழாயை நெருக்கத் தோல் வேண்டும். பட்டறையில் இருந்ததெல்லாம் வாஷருக்கே தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ரோட்டோரமாகத் தேடிக்கொண்டிருந்தோம். சன்னல் வழியாக ஒரு புதுச் செருப்பு வெளியே வந்தது.

"நான்தான் எறங்கப் போறதில்லையே" என்றார் பெரியவர்.

அண்ணாச்சி செருப்பின் அடித்தோலிலிருந்து காசளவுக்கு நாலு வட்டம் அறுத்தார். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் ஊசியால் ஒவ்வொன்றின் நடுவிலும் துளை போட்டார். எவ்வளவு துளை என்று உள்ளே இருப்பவரைக் கேட்டார். ஏலக்காயை உடைத்தால் உள்ளே இருக்குமே, அந்த ஏலரிசி அளவு என்று பதில் வந்தது. ஒரு மணி நேரம் இருவரும் சன்னலுக்கு உள்ளும் வெளியுமாக வாதாடிக்கொண்டே குழாய்க்கழுத்துகளில் அந்த வட்டங்களைப் பொருத்தினார்கள். நான் குடை பிடித்தேன். கல்யாணம் யாருக்கு என்று அவர்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

குட்டிக்கானத்துச் சாயாக்கடையில் நிறுத்தி அண்ணாச்சி டம்ளரை விளிம்புவரை நிரப்பி வளையத்தில் இறக்கினார். மழை விட்டிருந்தது. அங்கிருந்து ஏலப்பாறைவரை மூன்று பேரின் ஆறு கண்ணும் அந்த டம்ளரில். குழியில் சக்கரம் இறங்கினால் வண்டி யானை மாதிரி நிதானமாக ஒருமுறை தணிந்து ஒருமுறை எழுந்து நின்றுவிட்டது. வளைவில் லேசாகச் சாய்ந்து, யாரோ தோளைப் பிடித்து நிமிர்த்தியது போல நிமிர்ந்தது.

வீட்டு வாசலில் உறவு மொத்தமும் நின்றிருந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். நான் இறங்கியதும் முதலில் டம்ளரைத்தான் பார்த்தேன். விளிம்பு மட்டும் நனைந்திருந்தது.

அண்ணாச்சி அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். முழு டம்ளர். ரோடு மிச்சம் வைத்தது அவருக்குத்தான் என்பது சட்டம். அவர் உதடுவரை கொண்டுபோனதை நான் பார்த்தேன். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜீப் சன்னல் பக்கம் போனார்.

"குடியும்வே. மடை ஒம்மோடது."

பெரியவர் வாங்கி நிதானமாகக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தலையைக் குனிந்து சன்னல் வழியாக என் வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஐந்து சன்னலையும் எண்ணினார் என்றுதான் நினைக்கிறேன்.

"டீ ஆறிப்போச்சுங்க மாப்பிள்ளை. சூடா இன்னொண்ணு கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கதவை உடைத்து அவரை இறக்க நாலு பேர் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். அண்ணாச்சி குறுக்கே நின்று மறித்துவிட்டார். பலகை காய்ந்தால் தானே திறக்கும், தன் கதவை யாரும் தொடக்கூடாது என்றார். ஆச்சரியம் என்னவென்றால் பெரியவரும் உள்ளேயிருந்து அதையே சொன்னார். ஆகவே, அம்மா போண்டாவைச் சன்னல் வழியாகக் கொடுத்தாள். உறவுக்காரர்கள் ஜீப்பைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு சன்னல் வழியாக உள்ளே போய்ச் சன்னல் வழியாக வெளியே வந்தது. ஜீப்புக்குள் மாமனாரை வைத்துத் தாம்பூலம் மாற்றியவன் இந்தக் கேரளா முழுக்க நான் ஒருத்தன்தான். சாயங்காலம் வெயில் அடித்துக் கதவு தானாகத் திறந்தபோது அவர் ஒற்றைச் செருப்போடு இறங்கி, வீட்டுக்குள்கூடப் போகாமல் அண்ணாச்சியோடு பட்டறைக்கு நடந்தார். எட்டு நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினார்.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி நல்லேப்பிள்ளி வந்தார். மொய்யாக என் மாமனாருக்கு ஒரு செருப்பு கொண்டுவந்தார். ஒற்றைச் செருப்பு. இன்னொன்றுதான் அவரிடம் இருக்கிறதே என்றார்.

அந்தத் தோல் மூன்று மாதத்தில் நைந்துபோனது. அப்புறம் எத்தனையோ தோலில் எத்தனையோ துளை போட்டுப் பார்த்தார். முக்கால் டம்ளருக்கு மேல் ஏறவே இல்லை. கடைசிவரை முக்காலையே குடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் முழு டம்ளர் ஒரே ஒருமுறைதான் கைக்கு வந்தது. அதையும் எனக்காகக் கைமாற்றிவிட்டார்.

போன மாதம் என் மகன் புதுக் கார் ஒன்று வாங்கினான். உள்ளே எண்ணெயும் காற்றும் என்னென்னவோ இருக்கிறதாம், கூடு முழுக்க அலுமினியமாம், குழியே தெரியாதாம். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை டீ ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதல் வளைவிலேயே கொஞ்சம் சிந்திவிட்டது. மகன் துணியை நீட்டினான். ருக்குமணி பின்சீட்டிலிருந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

மிச்சத்தை நான் குடித்தேன். சிந்தினது அண்ணாச்சி பங்கு.